28 இஞ்ச் சைக்கிளின் இரண்டு டயர்கள்: ஒன்று தப்பியது, ஒன்று போயே போனது

பரமக்குடி பக்கம் எங்கள் ஊரில் சித்தப்பாவிடம் ஒரு 28 இஞ்ச் சைக்கிள் இருக்கிறது. ராடு பிரேக், பின்னால் விளக்கெரிக்கும் டைனமோ, மூட்டை ஏற்றும் கனமான கேரியர் என்று பழைய காலத்து வண்டி. மொபெட் வந்த பிறகு மாட்டுக்கொட்டகைச் சுவரில் சாய்ந்தபடி சில வருடங்கள் கிடந்தது. பெட்ரோல் விலையைப் பார்த்துவிட்டு, கடைத்தெரு போகவாவது அதை எடுக்கலாம் என்று சித்தப்பாவுக்குத் தோன்றியது. "ரெண்டு பஞ்சர் ஒட்டினா ஓடும்ப்பா" என்றார். டவுனில் சைக்கிள் கடை அண்ணனிடம் போட்டோவைக் காட்டினேன். "ரெண்டு டயரையும் கழட்டி எறிஞ்சுட்டுப் புதுசு போடுங்க தம்பி" என்றார். கழற்றிப் பார்த்ததில் இரண்டு பேர் சொன்னதும் பாதிக்குப் பாதிதான் சரியாக இருந்தது.

டயரைத் தொடுவதற்கு முன் வால் டியூப்பைப் பார்த்துவிட வேண்டும். இந்த மாதிரி சைக்கிள்களில் காற்றை உள்ளே விட்டு வெளியே விடாமல் தடுப்பது, பம்பை மாட்டும் மவுத்துக்குள் இருக்கும் சின்னக் குழாயின் மேல் மாட்டிய மெல்லிய ரப்பர்தான். வருடக்கணக்கில் நின்ற வண்டியில் அது பிசுபிசுத்துப் போயிருக்கும், அல்லது காய்ந்து வெடித்திருக்கும். ராத்திரி அடித்த காற்று காலையில் இல்லை என்று பஞ்சர் கடைக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு போகிறவர்களில் பல பேருக்குப் பிரச்சினை இதுதான். மவுத்தின் மேல் கொஞ்சம் எச்சிலைத் தடவிப் பாருங்கள். குமிழி வந்தால் வால் டியூப் மாற்றினால் போதும், சில்லறைக் காசுதான். சித்தப்பாவின் வண்டியில் இரண்டு சக்கரத்திலும் மாற்றினேன். முன் சக்கரம் காற்றைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டது. பின் சக்கரம் பம்பை எடுப்பதற்குள் உஸ்ஸென்று இறங்கிவிட்டது.

பஞ்சர் கடைகளில் சக்கரத்தைக் கழற்ற மாட்டார்கள். வண்டியைப் படுக்கப்போட்டு, டயரின் ஒரு பக்கத்தை மட்டும் ரிம்மிலிருந்து நெம்பி, டியூப்பை வெளியே இழுத்து, தண்ணீர்ச் சட்டியில் முக்கி, ஒட்டி, திரும்ப உள்ளே தள்ளிவிடுவார்கள். வேலை வேகமாக முடியும், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அப்படிச் செய்யும்போது டயரின் உட்புறத்தை யாரும் முழுதாகப் பார்ப்பதே இல்லை. டயருக்கு என்ன நோய் என்பது உட்புறத்தில்தான் எழுதியிருக்கும். அதனால் இரண்டு சக்கரத்தையும் கழற்றினேன். முன் சக்கரம் சுலபம். பின் சக்கரத்துக்கு செயின் கவர், ஸ்டாண்ட், கேரியர் கால், மட்கார்டு கம்பி என்று ஒவ்வொன்றாக இளக்க வேண்டும். நட்டுகள் துருப்பிடித்திருந்தன. தேங்காய் எண்ணெயில் மண்ணெண்ணெய் கலந்து ஊற்றி ஒரு ராத்திரி விட்டபின் இளகின.

கழற்றும்போது ஒரு பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். டயரில் அச்சடித்திருக்கும் கம்பெனிப் பெயர் மவுத்துக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்று சாக்பீஸால் குறித்துவிடுங்கள். அப்புறம் டியூப்பில் ஓட்டை எங்கே என்று தெரிந்ததும், அதே இடத்தை டயரில் தேடினால் முள் அங்கேயே உட்கார்ந்திருக்கும். புது டயர் மாட்டும்போது பெயரை மவுத்துக்கு நேராக வைத்து மாட்டினால் அடுத்த முறை குறிக்கக்கூட வேண்டியதில்லை.

ஓட்டை எந்த இடத்தில் இருக்கிறது என்பதே காரணத்தைச் சொல்லிவிடும். தரையைப் பார்த்த பக்கம் என்றால் முள், கண்ணாடி, கம்பி. ரிம்மைப் பார்த்த பக்கம் என்றால் ஸ்போக் முனை நீட்டிக்கொண்டிருக்கிறது, அல்லது ரிம்முக்கு மேல் சுற்றிய பட்டை விலகிவிட்டது. பக்கத்தில் பக்கத்தில் இரண்டு கீறல் இருந்தால், காற்றுக் குறைவாக ஓட்டிப் பள்ளத்தில் இறக்கியதில் ரிம்முக்கும் தரைக்கும் நடுவில் டியூப் நசுங்கியிருக்கிறது. மவுத்தின் அடியில் கிழிந்திருந்தாலும் காற்றுக் குறைவுதான் காரணமாக இருக்கும். காற்றில்லாத டயர் ரிம்மில் மெல்ல மெல்ல நகரும், டியூப்பையும் கூடவே இழுக்கும், மவுத் மட்டும் ரிம்மின் துளையில் மாட்டிக்கொண்டு நிற்கும். அந்தக் கிழிசலை ஒட்டவே முடியாது, டியூப் மாற்ற வேண்டியதுதான். பின் சக்கர டியூப் இந்தக் கதைதான். போதாக்குறைக்கு ஒட்டுக்கு மேல் ஒட்டு. அதைத் தனியே எடுத்து வைத்தேன்.

முன் டியூப்பில் இருந்தவை முள் ஓட்டைகள். எங்கள் பக்கம் இது சாதாரணம். கண்மாய்க் கரை, வாய்க்கால் ஓரம், தரிசு என்று எங்கும் சீமைக்கருவேலம். கரிமூட்டத்துக்கு வெட்டி வண்டியில் ஏற்றிப் போகும்போது வழியெல்லாம் முள் சிந்தும். இந்த முள் டயருக்குள் இறங்கியதும் வெளியில் இருக்கும் பாகம் உடைந்துவிடும், முனை மட்டும் டயரின் ரப்பருக்குள் தங்கிவிடும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுமே தெரியாது. டியூப்பை ஒட்டி மாட்டி, கொஞ்ச தூரம் ஓட்டியதும் அதே முனை மறுபடி குத்தும். ஒட்டினவர் சரியாக ஒட்டவில்லை என்று அவர்மேல் பழி போடுவோம். நெருஞ்சி வேறு மாதிரி. அது டயரின் மேலேயே ஒட்டிக்கொண்டு கூடவே சுற்றும், பார்த்ததும் பிடுங்கிவிடலாம்.

முள் முனையைத் தேட விரலை விட்டுத் துழாவாதீர்கள், கண்ணாடிச் சில்லு இருந்தால் விரல் போய்விடும். கொஞ்சம் பஞ்சை எடுத்து டயரின் உட்புறம் முழுக்கத் தேய்த்துக்கொண்டே போனால், முள் இருக்கும் இடத்தில் பஞ்சு மாட்டிக்கொள்ளும். அந்த இடத்தில் டயரை வெளிப்பக்கமாக மடக்கினால் முனை தலையைக் காட்டும். நகவெட்டியால் பிடித்து இழுத்துவிடலாம். முன் டயரிலிருந்து ஒரு கைப்பிடி முனைகள் வந்தன என்றால் கொஞ்சம் மிகைதான், ஆனால் தீப்பெட்டி மூடியில் போட்டு வைக்கும் அளவுக்கு வந்தன. அத்தனை ஓட்டை இருந்தும் டயருக்கு ஒன்றும் ஆகவில்லை. முள் குத்திய துளை மிகச் சின்னது, அது நூலை விலக்கிக்கொண்டு போகுமே தவிர அறுக்காது. எத்தனை பஞ்சர் ஆனது என்பதை வைத்து டயரைத் தள்ள வேண்டியதில்லை. ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும். அதே ரோட்டில் அதே ஆள் ஓட்டும்போது திடீரென்று பஞ்சர் அதிகமானால், டயர் தேய்ந்து மெலிந்துவிட்டது என்று அர்த்தம். கனமான ரப்பரில் பாதியிலேயே நின்றுவிடும் முள், மெலிந்த ரப்பரில் டியூப் வரைக்கும் போய்விடும்.

இனி நூலுக்கு வருவோம். சைக்கிள் டயரை ரப்பர் என்று நினைக்கிறோம். காற்றின் அழுத்தத்தைத் தாங்கிப் பிடிப்பது ரப்பர் இல்லை, அதற்குள் சாய்வாக, ஒன்றின்மேல் ஒன்று குறுக்காகப் போகும் நூல் அடுக்குதான். பழைய டயர்களில் பருத்தி நூல், இப்போது நைலான். ஓரத்தில் இருக்கும் இரண்டு கம்பி வளையங்கள் டயரை ரிம்மில் இருத்தி வைக்கின்றன. வெளியில் இருக்கும் ரப்பர் தேய்மானத்துக்கும், ரோட்டைப் பிடிக்கவும், நூலுக்கு வெயிலும் ஈரமும் படாமல் மூடவும் இருக்கிறது. பெல்ஃபாஸ்டில் கால்நடை வைத்தியராக இருந்த டன்லப், 1888-ல் காற்று டயருக்குக் காப்புரிமை வாங்கினார். அவர் தன் மகனின் மூன்று சக்கர சைக்கிளுக்குச் செய்ததும் ரப்பர்க் குழாயைத் துணியால் சுற்றியதுதான். அன்றைக்கும் துணிதான் தாங்கியது. ஆகவே டயரை மாற்றலாமா என்று கேட்டால், ரப்பர் எப்படி இருக்கிறது என்று பார்ப்பதைவிட நூல் எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

முன் டயரின் பக்கச் சுவர் முழுக்க மயிரிழை வெடிப்புகள். கடை அண்ணன் போட்டோவில் பார்த்தது இதைத்தான். வெயிலும் காற்றில் இருக்கும் ஓசோனும் ரப்பரைக் காயவைத்து இப்படி வெடிக்கச் செய்யும், ஓடாமல் நின்றாலும் வெடிக்கும். டயரை அந்த இடத்தில் மடக்கி, வெடிப்பைக் கட்டைவிரலால் விரித்து, நல்ல வெளிச்சத்தில் பார்த்தேன். வெடிப்பின் அடியில் கறுப்பு ரப்பர்தான் தெரிந்தது. நூல் தெரியவில்லை. அடுத்து, காற்றில்லாமல் நின்றபோது தரையில் அழுந்திய இடம். வண்டியின் எடை முழுவதும் ரிம் வழியாக அந்த ஒரே மடிப்பில் இறங்கியிருக்கும், டயர் உடைவது பெரும்பாலும் அங்கேதான். உட்புறத்தைத் திருப்பிப் பார்த்தால் நூல் வரிசை கலையாமல் இருந்தது. ஓரக் கம்பியைச் சுற்றிலும் விரலால் நசுக்கிப் பார்த்தேன், எங்கும் கம்பி வெளியே வரவில்லை. நடுப்பகுதியின் வரிகள் நன்றாகத் தெரிந்தன. கடைசியாக வெயிலுக்கு எதிராகப் பிடித்து உள்ளிருந்து பார்த்தேன், முள் துளைகளில்கூட வெளிச்சம் வரவில்லை. இதைத் தூக்கிப்போடக் காரணம் இல்லை.

பின் டயர் வேறு கதை. ஓட்டுகிறவரின் எடையும் கேரியர் மூட்டையும் பின்னால்தான், செயின் இழுப்பதும் பின் சக்கரத்தைத்தான், அதனால் பின் டயர் எப்போதும் முன்னதைவிடச் சீக்கிரம் தேயும். நடுவில் மொட்டையாகித் தட்டையாக இருந்தது. மொட்டை மட்டும் என்றால் வறண்ட ரோட்டில் இன்னும் கொஞ்ச நாள் ஓட்டலாம் என்றுதான் சொல்லுவேன். சைக்கிளுக்குக் கார் மாதிரி மழைத் தண்ணீரில் டயர் மிதந்து வழுக்குகிற பிரச்சினை இல்லை. ஆனால் ஓரிடத்தில் மொட்டையைத் தாண்டி சாம்பல் நிறத்தில் நூல் தெரிந்தது. சித்தப்பா குனிந்து பார்த்துவிட்டு, "இம்புட்டூண்டுதானே, இதுக்காகவா புதுசு?" என்றார். நூல் வெளியே தெரிந்த பிறகு ஒவ்வொரு சுற்றிலும் ரோடு அந்த நூலையே தேய்க்கும், மழைத் தண்ணீர் நூல் வழியாக உள்ளே ஏறும். அந்த இடம் என்றைக்கு விடும் என்று யாருக்கும் தெரியாது.

அது மட்டும் இல்லை. இடது பக்கச் சுவரில் வட்டமாக ஒரு கோடு ஓடியது, அளந்து வைத்து இழைத்தாற்போல. டைனமோவின் தலை ஸ்பிரிங் வேகத்தில் டயரில் அழுந்தி உருண்ட தடம். பக்கச் சுவரின் ரப்பர் முதலிலேயே மெல்லியது, வருடக்கணக்கில் டைனமோ உருண்டதில் அது காகிதம் கணக்காக ஆகிவிட்டது. உட்புறத்தில் ஓர் இடத்தில் யாரோ எப்போதோ பழைய டயரை வெட்டித் துண்டு வைத்திருந்தார்கள். அதை எடுத்தால் அடியில் விரல் அகலத்துக்கு நூல் அறுந்த வெட்டு. கிழிந்த இடத்தில் துண்டு வைப்பது தப்பில்லை, வீடு வந்து சேர அதைவிட நல்ல வழி கிடையாது. அவசரத்துக்குப் பால் கவரை நாலாக மடித்து வைத்தும் வந்து சேரலாம். ஆனால் துண்டு வைத்த இடத்தில் நூல் இல்லை, காற்றின் அழுத்தத்தைத் துண்டு மட்டும் தாங்குகிறது. மூட்டை ஏற்றும் வண்டியில் அது நிரந்தர ஏற்பாடாக இருக்கக் கூடாது. இத்தனையும் சேர்ந்ததில் பின் டயர் விஷயத்தில் கடை அண்ணன் சொன்னதுதான் சரி என்று ஆனது.

இதே வாரத்தில் அக்கா மகளின் பள்ளிக்கூட சைக்கிளும் வந்தது, 26 இஞ்ச், ரிம்மை இரண்டு பக்கமும் பிடிக்கிற கேலிபர் பிரேக். டயரின் வரிகள் அப்படியே புதுசாக இருந்தன, ஆனால் ஒரு பக்கச் சுவரில் நூல் அறுந்து, காற்றடித்தால் எலுமிச்சம்பழ அளவுக்குப் புடைத்தது. பிரேக் கட்டை கொஞ்சம் மேலே ஏறி, ரிம்மோடு டயரையும் சேர்த்துப் பிடித்துத் தேய்த்திருக்கிறது. ராடு பிரேக்கில் கட்டை ரிம்மின் உள்பக்கம் படுவதால் டயருக்கு இந்தத் தொல்லை வராது. கேலிபர் பிரேக் உள்ள வண்டியில் பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு, கட்டை முழுவதும் ரிம்மின் மேல் உட்காருகிறதா என்று கண்ணால் பார்த்துவிடுங்கள். புடைத்த டயரை, அது எவ்வளவு புதுசாக இருந்தாலும், உடனே மாற்றியே ஆக வேண்டும். நூல் அறுந்த பிறகு காற்றைத் தடுத்து வைத்திருப்பது வெறும் ரப்பர் மட்டுமே.

புது டயர் வாங்கும்போது 28 இஞ்ச் என்று மட்டும் சொன்னால் போதாது. இந்த வண்டிக்கு 28 x 1½. டயரின் பக்கத்தில் 40-635 என்றும் அச்சடித்திருக்கும். 40 என்பது டயரின் அகலம், 635 என்பது டயர் உட்காரும் இடத்தில் ரிம்மின் விட்டம், இரண்டும் மில்லிமீட்டரில். இப்போதைய ஹைப்ரிட் சைக்கிள்களின் 700 சி அளவு 622. அதையும் சில டயர்களில் 28 என்று போடுகிறார்கள். 26 இஞ்சில் குழப்பம் இன்னும் மோசம். 26 x 1.95 என்று புள்ளி வைத்து எழுதினால் 559, 26 x 1⅜ என்று பின்னத்தில் எழுதினால் 590. இரண்டையும் மாற்றி மாட்டவே முடியாது. பழைய டயரைக் கையோடு கடைக்கு எடுத்துப் போய், அந்த மூன்றிலக்க எண்ணை ஒத்துப்பார்த்து வாங்குவதுதான் நல்லது.

புதுசை எந்தச் சக்கரத்துக்குப் போடுவது என்பதில் ஒரு பொதுவான வழக்கம் உண்டு. நல்ல டயர் முன்னால் இருக்க வேண்டும், முன்னால் ஓடின டயரைப் பின்னால் போட வேண்டும். பின் டயர் வெடித்தால் வண்டி ஆடும், சமாளித்து நிறுத்திவிடலாம். முன் டயர் வெடித்தால் ஹேண்டில் கையில் நிற்காது. தனியாள் ஓட்டும் சைக்கிள் என்றால் நானும் அப்படித்தான் செய்வேன். ஆனால் சித்தப்பா கேரியரில் புண்ணாக்கு மூட்டையும் பருத்திக்கொட்டையும் ஏற்றுகிறவர். வெடிப்பு விட்ட பக்கச் சுவரை அந்த எடைக்கு அடியில் போட எனக்கு மனசில்லை. முன் சக்கரத்தில் எடை குறைவு, டயரும் சோதித்துப் பார்த்தது. அதனால் புது டயரும் புது டியூப்பும் பின்னால், பழசு முன்னால் அப்படியே. டைனமோவை அவிழ்த்து எடுத்துவிட்டு ஒரு டார்ச்சைக் கட்டிவிட்டேன்.

முன் டியூப்பை ஒட்டியதில் சொல்ல அதிகம் இல்லை. உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, அது காயும் வரை காத்திருக்க வேண்டும். விரல் முட்டியால் தொட்டால் ஒட்டாத அளவுக்குக் காய்ந்த பிறகுதான் ஒட்டுத் துண்டை வைத்து அழுத்த வேண்டும். ஈரத்தோடு வைத்தால் வெயிலில் வழுக்கிக்கொண்டு போய்விடும். ஒட்டிய இடத்தில் கொஞ்சம் முகப் பவுடர் போட்டால் டயரோடு ஒட்டிக்கொள்ளாது.

மாட்டும்போது ரிம்மில்தான் நேரம் போனது. துருவை உப்புத்தாளால் எடுத்து, நீட்டிக்கொண்டிருந்த ஸ்போக் முனைகளை அரத்தால் மழுக்கி, பழைய டியூப்பை நீளமாக வெட்டி ரிம்மைச் சுற்றிப் பட்டையாகப் போட்டேன். டியூப்பில் அது உருண்டு நிற்கும் அளவுக்கு மட்டும் காற்று விட்டு, மவுத்துக்கு எதிர்ப்பக்கத்தில் தொடங்கி டயரின் ஓரத்தை ரிம்முக்குள் தள்ளிக்கொண்டு வந்து மவுத்தில் முடிக்க வேண்டும். கடைசி நாலு விரல் இடம் முரண்டு பிடிக்கும். அங்கே ஸ்பேனரையோ கரண்டிக் காம்பையோ விட்டு நெம்பினால் புது டியூப் அங்கேயே ஓட்டையாகும். எதிர்ப்பக்க ஓரத்தை ரிம்மின் நடுப்பள்ளத்தில் அமுக்கிவிட்டால் கைக்கே இளகிக் கொடுக்கும். மாட்டி முடித்ததும் மவுத்தை ஒரு முறை உள்ளே அமுக்கி இழுத்துவிட்டு, ரிம்மின் இரண்டு பக்கமும் டியூப் எங்காவது நசுங்கி நிற்கிறதா என்று சுற்றிப் பார்த்தேன். பாதிக் காற்று அடித்து, சக்கரத்தைச் சுற்றவிட்டு, டயரின் ஓரக் கோடு எங்கும் மேலே கீழே போகாமல் ஒரே சீராக இருக்கிறதா என்று பார்த்தபிறகுதான் மீதிக் காற்று.

வெயிலில் நிறுத்தினால் டயர் வெடிக்கும் என்று சித்தப்பாவுக்கு ஒரு பயம். 25 டிகிரி நிழலில் 50 பிஎஸ்ஐ அடித்த டயர் 60 டிகிரிக்குச் சூடானாலும் அழுத்தம் 58-ஐத் தாண்டாது. நல்ல டயருக்கு இது ஒன்றுமே இல்லை. வெயிலில் வெடிக்கிற டயர் எல்லாம் நூல் அறுந்தது, அல்லது ஓரம் சரியாக உட்காராதது, அல்லது டியூப் நசுங்கி மாட்டப்பட்டது. வெயில் கடைசித் தள்ளு மட்டும் கொடுக்கிறது. பெட்ரோல் பங்க் காற்றுக் குழாய்தான் உண்மையில் ஆபத்து. சைக்கிள் டியூப் சின்னது, கண் மூடித் திறப்பதற்குள் அளவு மீறிவிடும். டயரில் அச்சடித்த அளவைப் பார்த்துக்கொண்டு கைப்பம்பில் அடிப்பதே போதும்.

முன் டயரில் பக்க வெடிப்புக்குள் நூல் தெரிந்தாலோ, சக்கரம் சுற்றும்போது எங்காவது புடைத்துத் தெரிந்தாலோ பேச்சே இல்லாமல் மாற்றிவிட வேண்டும் என்று சித்தப்பாவிடம் சொல்லியிருக்கிறேன். ஒரு சாக்பீஸை பம்போடு சேர்த்துக் கட்டி வைத்தேன், சந்தேகம் வந்த இடத்தைக் குறித்து வைக்க. பழைய பின் டியூப்பை நீளமாகக் கிழித்ததில் கேரியரில் மூட்டை கட்ட நல்ல இழுவையான கயிறு கிடைத்தது. டயரில் கெட்டியாக இருந்த பாகத்தைக் கைநீளத் துண்டுகளாக வெட்டி, ஓரக் கம்பியை நீக்கி, அவசரத்துக்கு உள்ளே வைக்க என்று பையில் போட்டாயிற்று. மீதியைப் போகிக்குக் கொளுத்தத் தெருப் பையன்கள் கேட்டார்கள். அந்தப் புகையைக் குடிக்க எங்களுக்கு ஆசையில்லை என்று சொல்லி, பழைய இரும்பு வாங்க வருகிறவரிடம் போட்டுவிட்டோம்.